திங்கட்கிழமை மூட்டை

அந்த ஸ்டேஷனில் வேலை ஒழுங்காக நடக்கிறதோ இல்லையோ, சட்டைகள் மட்டும் மொடமொடவென்று நிற்கும். வாசல் காவலர் முதல் இன்ஸ்பெக்டர் வரை எல்லோருடைய கைமடிப்பும் ஒரே கோடு. ஒருமுறை சோதனைக்கு வந்த மேலதிகாரி, கோப்புகள் கிடந்த கிடையைப் பார்த்துத் தாறுமாறாக ஏசித் தீர்த்துவிட்டு, "ஆனா டிரெஸ் மட்டும் பிரமாதமா வச்சிருக்கீங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை இன்ஸ்பெக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். பாவம், அவருக்கும் வேறு பாராட்டு எங்கே கிடைத்தது!

அதற்கெல்லாம் காரணம், பழைய கிடங்குகள் இருக்கும் தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லாண்டரி. ஓட்டல்களின் விரிப்பு, ஆஸ்பத்திரியின் விரிப்பு எல்லாம் அங்கேதான் வெளுக்கப் போகும். லாண்டரிக்காரர் தாமாகவே ஸ்டேஷன் வாசலேறி வந்து, "எங்களுக்காக நேரங்காலம் பாக்காம ஓடுறீங்க. உங்க துணிய வெளுத்துக் குடுக்கிறது என் கடமை சார்" என்று உருகினார். உருகியதோடு நிற்காமல், எல்லோரையும்விடச் சல்லிசாகச் செய்தும் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் துணி முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஜீப் டிரைவர் கொண்டுபோவார். போன வாரத்து மூட்டையை வாங்கிக்கொண்டு வருவார்.

ஸ்டேஷனில் இருந்த ஒரே பெண் தலைமைக் காவலரை ஊரே ஏட்டம்மா என்றுதான் கூப்பிடும். அதுவரை அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தவன் அவள் புருஷன். பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டத் தெரிந்த மனுஷனுக்கு, ஒரு சட்டைக் கையில் கோட்டை நேராக இழுக்கத் தெரியாது. ஆனாலும் வேலை பறிபோனதில் அவனுக்கு மகா வருத்தம்.

"நோட்டீஸ்கூடக் குடுக்காம என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களே. யூனியன்ல சொல்லட்டுமா?"

"போய்ச் சொல்லுங்க. நீங்க போட்ட மடிப்பப் பார்த்தா, யூனியனே உங்களத் தூக்கிடும்."

அந்த வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான் ஓடும். அன்று காலையும் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஏட்டம்மாவின் தங்கையிடமிருந்து போன் வந்தது. தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எடுத்த எடுப்பில் யாரையாவது கிண்டல் செய்யாமல் பேச்சைத் தொடங்க மாட்டாள். அன்று கிண்டல் இல்லை.

"அக்கா, ஒரு பொம்பளைய கூட்டிட்டு வந்திருக்காங்க. வலது கை முழுக்க வெந்து போயிருக்கு. துணி தேய்க்கிற பெரிய நீராவி மெஷின்ல மாட்டிக்கிச்சாம். முதலாளின்னு ஒருத்தர் கூடவே நிக்கிறார். பேர் கேட்டா அவர் சொல்றார். வயசு கேட்டா அவர் சொல்றார். வலிக்குதாம்மான்னு கேட்டேன், அதுக்கும் அவரே 'வலிக்கல'ங்கிறார்!"

ஏட்டம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். ஆள்கடத்தலைப் பற்றி மேலிடத்தில் நடத்திய வகுப்புக்கு அவள் போய் வந்திருந்தாள். வகுப்பில் பாதி நேரம் மின்விசிறி ஓடாததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள் என்றாலும், ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. கேள்விக்குப் பதில் சொல்வது யார், அடையாள அட்டை இருப்பது யார் கையில், கதவுச் சாவி இருப்பது யார் கையில். மூன்றுக்கும் விடை வேறு ஒருவர் என்றால், நிமிர்ந்து உட்கார வேண்டும். வந்த கையோடு இதைத் தங்கைக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

"அவர நைசா வெளிய அனுப்பிட்டுக் கேட்டியா?"

"எக்ஸ்ரே ரூமுக்குள்ள ஆம்பளைங்க வரக்கூடாதுன்னு ஒரு பொய்ய எடுத்து விட்டேன். உள்ள போனதும் அந்தப் பொம்பளை என் கையப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டா தெரியுமாக்கா? 'இது எந்த ஊரு?'ன்னு கேட்டா." தங்கையின் குரல் உடைந்தது. "அவ இங்கதான் ரொம்ப நாளா வேலை பாக்குறாளாம். எந்த ஊருல இருக்கோம்னே தெரியாது அவளுக்கு."

அதற்குமேல் அந்தப் பெண்ணிடம் பேச முடியவில்லை. கையைக் காப்பாற்ற உடனே அறுவை செய்தாக வேண்டும் என்று மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். கண் விழித்துப் பேச நாளாகும் என்றாள் தங்கை. ஆஸ்பத்திரிச் சீட்டில் முதலாளி எழுதிக்கொடுத்த முகவரி பழைய கிடங்குகள் இருக்கும் தெரு என்றும் சொன்னாள்.

ஏட்டம்மா போய்ச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வி, "நம்ம லாண்டரியா?" என்பதுதான். அவர் கை தன்னையறியாமல் காலரைத் தொட்டது. நல்ல மனிதர்தான், கோபம் வந்தால் மட்டும் மூக்கு சிவக்கும். அன்று மூக்கு சிவக்கவில்லை, முகம் வெளுத்தது. ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

வழியெல்லாம் டிரைவர் புலம்பிக்கொண்டே வந்தார். "நான் வாராவாரம் போறேன்மா. அந்த மாதிரி இடமில்ல அது. அங்க வேலை பாக்குற பொண்ணுங்க அவ்வளவு நல்ல பொண்ணுங்க. தலையே நிமிர மாட்டாங்க. ஏன் என்னன்னு ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எங்க வீட்லயும் இருக்கே ஒண்ணு, வாய் ஓயவே ஓயாது!"

தலை நிமிராத பெண்ணை நல்ல பெண் என்று சொல்லிச் சொல்லியே நாமெல்லாம் எதைப் பார்க்காமல் விட்டோமோ என்று ஏட்டம்மா யோசித்துக்கொண்டே வந்தாள்.

லாண்டரி வெளியிலிருந்து பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. முன்னறையில் வாடிக்கையாளர் உட்கார நாற்காலி, சுவரில் கடிகாரம். உள்ளே போனால் சோப்பு நெடியும் நீராவியும் மூச்சை முட்டின. கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. நீளமான மேஜைகளில் பெண்கள் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸைப் பார்த்ததும் யாரும் பதறவில்லை, யாரும் வேலையை நிறுத்தவும் இல்லை. கை மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது.

துணி அடுக்கிய இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே சுருட்டிய பாய்கள், ஒரு குழாய், பலகை அறைந்த ஜன்னல். ஏட்டம்மா அறை முழுவதும் எதையோ தேடினாள். வெளியே வந்து வாசற்படியிலும் மேஜைக்கு அடியிலும் தேடினாள்.

"என்ன ஏட்டம்மா தேடுறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செருப்பு சார். இத்தனை பொம்பளைங்க இருக்காங்க, ஒருத்தி செருப்புகூட இல்ல. வெளிய போறவளுக்குத்தானே செருப்பு வேணும்."

இன்ஸ்பெக்டர் அங்கேயே எல்லாப் பெண்களையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக முடிவு செய்தார். ஒரு பெண் காவலர் கடைக்கு ஓடி ஆளுக்கொரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். பெண்கள் அதை மாட்டிக்கொண்டு, நடக்கப் பழகுகிறவர்கள்போல் அடி எடுத்து வைத்தார்கள். பார்க்க மனசு தாங்கவில்லை.

ஸ்டேஷன் மாடியில் காவலர்கள் ஓய்வெடுக்கும் அறையில் அவர்களை உட்கார வைத்தார்கள். ஏட்டம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். தனியாகத்தான் பேச வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் என்ன பயன்? ஒவ்வொருத்தியும் ஒரே பாட்டைத்தான் ஒப்பித்தாள்.

"நாங்க விருப்பப்பட்டுத்தான் வேலை பாக்குறோம். முதலாளி எங்களுக்கு அப்பா மாதிரி. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

முதல் ஆள் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். மூச்சு விடும் இடம்கூட ஒன்றுதான். வயதில் மூத்தவளை மற்றவர்கள் பெரியக்கா என்றார்கள். அவள் ஒருத்திதான் கூடுதலாக ஒன்று கேட்டாள். "எங்கள எப்ப திருப்பி விடுவீங்க?"

கீழே இன்ஸ்பெக்டர் அறையில் லாண்டரிக்காரரின் வக்கீல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் எல்லோரும் வயது வந்தவர்கள், அடையாள அட்டைகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அவர்களே கொடுத்தார்கள், வெளித் தாழ்ப்பாள் திருட்டுப் பயத்துக்காகப் போட்டது என்று எல்லாவற்றுக்கும் கைவசம் பதில் வைத்திருந்தார். ஏட்டம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் ரகசியமாகச் சொன்னார்.

"ஒருத்தியாவது வாயத் திறந்தா போதும், நான் கேஸ் போட்டுடுவேன். எல்லாரும் விருப்பத்தோட இருக்கோம்னு சொன்னா, சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நான் என்னத்தச் சொல்றது? அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்பினா நாளைக்கே வேற ஊருக்கு ஏத்திடுவான் சார். அப்புறம் இவங்களக் கண்ணாலகூடப் பார்க்க முடியாது."

"தெரியுது ஏட்டம்மா. அதான் கெஞ்சுறேன்."

இன்ஸ்பெக்டர் கெஞ்சி ஏட்டம்மா அதுவரை கேட்டதில்லை.

அவள் டீயைத் தட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒவ்வொருத்தியின் முன்னாலும் குனிந்து கொடுத்தாள். கடைசியில் உட்கார்ந்திருந்தவள் ஒல்லியான இளம்பெண். பட்டன் தைப்பது அவள் வேலை என்பதால் மற்றவர்கள் அவளைப் பட்டன்காரி என்றார்கள். அவள் டீயையும் பார்க்கவில்லை, ஏட்டம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டைப் பாக்கெட்டையே பார்த்தாள்.

"அது மறுபடி விழலையே?"

"எதும்மா?"

"பாக்கெட் பட்டன். நாந்தான் வச்சேன். அந்தக் கலர்ல நூல் தீந்துபோச்சு, கறுப்புல வச்சுட்டேன். திட்டுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

பெரியக்கா எட்டி அவள் தொடையில் கிள்ளினாள். "வாய மூடுடி!"

ஏட்டம்மா குனிந்து பார்த்தாள். கறுப்பு நூல்தான். எத்தனையோ நாளாக அந்தச் சட்டையைப் போடுகிறாள், பட்டன் விழுந்ததும் தெரியாது, யாரோ தைத்ததும் தெரியாது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பட்டன்காரியின் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னை உனக்குத் தெரியுமா?"

"முகம் இன்னைக்குத்தான் பார்த்தேன். சட்டை தெரியும். இருக்கறதுலயே சின்ன சைஸ் உங்களுது. கழுத்துல பவுடர் ஒட்டியிருக்கும். இன்ஸ்பெக்டர் சட்டை இடது பாக்கெட்ல எப்பவும் பேனா கசிஞ்சிருக்கும், அதக் கையாலதான் கசக்கணும். ஒருத்தர் பாக்கெட்ல மிட்டாய்த் தாளா இருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "மூட்டை வரும்போதெல்லாம் முதலாளி ஒரு சட்டைய எடுத்துத் தூக்கிக் காட்டுவார். 'யாருதுன்னு பார்த்துக்கங்க. எல்லாம் நம்ம ஆளுங்க. ஓடினா இவங்ககிட்டதான் போய் நிக்கணும். இவங்களே கொண்டாந்து என்கிட்ட விடுவாங்க'ம்பார். உங்க ஜீப்பும் வாராவாரம் வரும். டிரைவர் அவர்கூடச் சிரிச்சுப் பேசிட்டுப் போவார். பொய்யின்னு நாங்க எப்படி நினைக்கிறது?"

காலையிலிருந்து ஏட்டம்மா அந்தப் பெண்களிடம் தைரியமாகப் பேசுங்கள், நாங்கள் இருக்கிறோம், பயப்படாதீர்கள் என்று என்னென்னவோ சொல்லியிருந்தாள். எதைப் போட்டுக்கொண்டு? அவர்கள் எதைப் பார்த்து இத்தனை நாள் நடுங்கினார்களோ, அவர்கள் கையாலேயே தேய்த்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

கீழே போய் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தன் இடது பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜீப் டிரைவர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவை ஒரு பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சும்மா. கூச்சம்போலன்னு நினைச்சு நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்." வயதான மனிதர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்!"

ஏட்டம்மா புருஷனுக்குப் போன் போட்டாள். வீட்டில் கொடியில் கிடக்கும் துணி எதுவானாலும் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள். டிப்போவிலிருந்து வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு, கிரீஸ் கையோடு ஓடிவந்தான் அவன். வழக்கம்போல் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப் போனான்.

"நான் வெளிய டீக்கடையில இருக்கேன்" என்று மட்டும் சொல்லிப் பையைக் கொடுத்தான்.

வீட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு ஏட்டம்மா மறுபடி மாடியேறினாள். கசங்கிய துணி, காலில் வீட்டுச் செருப்பு. இப்போது பேசிவிடுவார்கள் என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. பட்டன்காரி அவளை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"துணிய மாத்தினா ஆளு மாறிடுமாக்கா?"

நியாயமான கேள்வி.

"மாறாதும்மா" என்றாள் ஏட்டம்மா. "உங்க முதலாளி சொன்னது பொய். ஆனா அந்தப் பொய்க்கு வாராவாரம் சட்டை குடுத்தனுப்பினது நாங்கதான். நம்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பட்டன்காரி எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க இங்க கைதியா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"அப்போ நான் போலாமா?"

"எங்க?"

"எங்க அக்கா வீட்டுக்கு. ஊர் பேர் தெரியும். பஸ் இருக்குமில்ல? முதலாளி பிடிச்சு ஏத்தினப்பவே அங்கதான் போய்க்கிட்டு இருந்தேன். இன்னும் போய்ச் சேரல." அவள் எழுந்து நின்றாள். "கைதி இல்லேன்னா, நான் இப்பவே போறேன். ஜீப் வேணாம். கூட யாரும் வர வேணாம். தனியாப் போறேன். விடுவீங்களா?"

ஏட்டம்மாவுக்குப் பகீரென்றது. வாயைத் திறந்தது இவள் ஒருத்திதான். எழுதி வாங்கக் கூடிய ஒரே சாட்சி. இவளும் போய்விட்டால், சாயங்காலம் மற்றவர்களை வண்டியில் ஏற்றி அந்த ஆள் கையில் கொடுக்க வேண்டியதுதான். வாசலில் அவன் வேறு வேனோடு நிற்கிறான்.

"ஒரு நிமிஷம் இரும்மா."

வராந்தாவில் விஷயத்தைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் குதியாய்க் குதித்தார். இப்போது மூக்கு நன்றாகவே சிவந்திருந்தது.

"உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? இருக்கறதே ஒருத்தி! வாக்குமூலம் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"குடுத்தாத்தான் போலாம்னு சொன்னா, அது பூட்டுதானே சார்? அவன் கதவுல போட்டான், நாம வாயால போடுறோம்."

"அவ அந்த ஆளோட வேன்லயே ஏறிட்டா?"

"ஏறினா ஏறட்டும்னு சொல்ற தைரியம் எனக்கும் இல்ல சார். ஆனா பிடிச்சு வைக்க மாட்டேன். மேல இருக்கறவங்க எல்லாரும் ஜன்னல்ல நின்னு பார்க்கப் போறாங்க."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் நின்ற நிலையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள் ஏட்டம்மா.

தன் கைப்பையிலிருந்த சின்னப் பர்ஸை அப்படியே பட்டன்காரியின் கையில் திணித்தாள். பஸ் நிறுத்தம் தெருமுனையில் இருக்கிறது என்றும், அக்கா ஊருக்கு எந்த இடத்தில் மாறி ஏற வேண்டும் என்றும் சொன்னாள். தன் நம்பரைப் பர்ஸுக்குள் எழுதி வைத்திருப்பதைச் சொன்னாள். பட்டன்காரி தலையை ஆட்டினாள். பெரியக்காவிடம் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள். ஏட்டம்மா கடைசிப் படியோடு நின்றுவிட்டாள்.

முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்ததும், அங்கே நின்ற காவலர் பழக்க தோஷத்தில் கையைக் குறுக்கே நீட்டினார். "ஏய், எங்க போற?"

அவ்வளவுதான். பட்டன்காரி அப்படியே உறைந்து நின்றாள். மாடி ஜன்னலில் ஒட்டியிருந்த முகங்கள் ஒரே நேரத்தில் பின்வாங்கின.

"கைய எடுய்யா!" ஏட்டம்மா போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. "அந்தப் பொண்ணு எங்க போனா உனக்கென்ன? வழிய விடு!"

காவலர் கையை இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார்.

வெளியே வேனில் சாய்ந்து நின்ற லாண்டரிக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. வேன் கதவைத் தாமே திறந்துவிட்டார்.

"வாம்மா. எல்லாம் முடிஞ்சதா? பயந்துட்டியா? ஏறு, வீட்டுக்குப் போலாம்."

பட்டன்காரியின் கால் தானாக வேன் பக்கம் ஓரடி திரும்பியது. ஏட்டம்மா அதைப் பார்த்தாள். ஓடிப்போய் இழுத்துக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போகாதேடி, போகாதேடி என்று உள்ளுக்குள் கதறினாள், வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, வேனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றார். பெண்ணின் பக்கம் முதுகைக் காட்டி, லாண்டரிக்காரரைப் பார்த்து நின்றார்.

"கொஞ்சம் நகருங்க. அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குப் போகுது."

"என்ன சார், நம்ம பொண்ணு சார். நமக்குள்ள..."

"நமக்குள்ளன்னு ஒண்ணும் இல்ல. நகருங்கன்னா நகருங்க."

லாண்டரிக்காரர் சிரித்த வாயை மூடவில்லை, ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்ததும் தெரிந்தது, யோசித்துவிட்டுக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டதும் தெரிந்தது.

பட்டன்காரி நடந்தாள். புதுச் செருப்பு ஒருமுறை நழுவியது. குனிந்து சரியாக மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தாள். டீக்கடையைத் தாண்டினாள், மருந்துக் கடையைத் தாண்டினாள். தெருமுனையில் பஸ் வந்து நின்றபோதுதான் ஓடத் தொடங்கினாள். ஏறினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. பஸ் போய்விட்டது.

ஏட்டம்மா அதே படியில் உட்கார்ந்துவிட்டாள். செய்தது சரிதான் என்று மனசாட்சி சொன்னது. கேஸ் தொலைந்தது என்று புத்தி சொன்னது. அவள் போய்விட்டதில் பொங்கிய சந்தோஷமும், மேலே இருப்பவர்களை நினைத்து வந்த துக்கமும் ஒன்றோடொன்று மோதின. வக்கீல் உள்ளேயிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்து, "மத்தவங்களையும் கிளப்பிடலாமே" என்றார். அவருக்குப் பதில் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போனாள்.

எல்லோரும் இன்னும் ஜன்னலோரம்தான் நின்றார்கள். பெரியக்கா மட்டும் திரும்பினாள்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"பின்னாடியே ஆள் அனுப்பலையா?"

"அனுப்பல."

"திரும்பி வரச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா ஒரு போன் பண்ணச் சொன்னேன். பண்ணுவாளோ மாட்டாளோ, அது அவ இஷ்டம்."

பெரியக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தவள். சோப்பு நீரில் ஊறி ஊறி வெளிறிப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டா, அதுக்கப்புறம் போலாமா?"

"சொல்லலேன்னாலும் போலாம்கா."

பெரியக்கா ஜன்னலோரம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி மெதுவாகத் தலையசைத்தாள்.

"அப்போ எழுதுங்க" என்றாள் பெரியக்கா. "அந்த ஆஸ்பத்திரியில கிடக்கிறவளுக்கு நான் பேசலேன்னா யார் பேசுவா? எல்லாத்தையும் சொல்றேன். ஒண்ணு விடாம எழுதுங்க."

ஏட்டம்மா பேனாவை எடுத்தாள். கண் நிறைந்து தாள் தெரியவில்லை. துடைத்தாள், மறுபடி நிறைந்தது. பேனாவைப் பக்கத்தில் நின்ற பெண் காவலரின் கையில் கொடுத்தாள்.

"நீ எழுதும்மா" என்றாள். "அவங்க சொல்ற வார்த்தையிலேயே எழுது."